விடுப்பற்றோரின் திருநாட்கள்: தென்னாப்பிரிக்க ஆண்டு விழாக்கள் – ஒரு வரலாற்றுப் பார்வை

அளவற்ற அருளாளனும் நிகரற்ற அன்புடையோனுமாகிய அல்லாஹ்வின் திருப்பெயரால்.

எல்லாப் புகழும் அகிலத்தாரின் இறைவனுக்கே உரியது. சலவாத்தும் சலாமும் நம் உயிரினும் மேலான நாயகம் (ஸல்) அவர்கள் மீதும், அவர்தம் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக.

அன்பிற்குரிய ஜமாஅத்தார்களே! விழா என்றால் என்ன என்பதை மதுரைக்காரர்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. கோரிப்பாளையம் தர்காவின் சந்தனக்கூடு முதல் சித்திரைத் திருவிழா வரை ஆண்டு முழுவதும் ஏதேனும் ஒரு கூட்டத்தைக் காணும் ஊர் இது. ஆனால் விழாவுக்கு முதல் தேவை எது என்ற கேள்வியை நாம் பெரும்பாலும் எழுப்புவதில்லை. பணமா? பந்தலா? மேளமா? இவையெல்லாம் பிறகு வருபவை. முதல் தேவை ஒரு நாள். அந்த நாளில் வேலைக்குப் போகாமல் இருக்கும் உரிமை.

திருமலை நாயக்கர் மாசி மாதத்தில் நடந்துவந்த மீனாட்சி திருக்கல்யாணத்தைச் சித்திரைக்கு மாற்றி, அழகர் ஆற்றில் இறங்கும் விழாவோடு இணைத்தார் என்பது மதுரையில் வழங்கும் வரலாறு. அறுவடை முடிந்து உழவர்கள் ஓய்ந்திருக்கும் காலத்தில்தான் தேர் இழுக்க ஆள் கிடைக்கும். மாட்டுச் சந்தையும் களைகட்டும் என்பது அதற்குக் கூறப்படும் காரணம். விழாவின் நாளை நிர்ணயிப்பதில் உழைப்போரின் ஓய்வுக்கு எத்துணைப் பங்கு உண்டென்பதற்கு இஃதொன்றே போதும்.

எனில், ஓய்வு நாளே தம் கையில் இல்லாத மக்கள் என்ன செய்வார்கள்? அடிமையாக விற்கப்பட்டவனும், ஐந்தாண்டு ஒப்பந்தத்தில் கைநாட்டு வைத்துக் கடல் கடந்தவனும் எந்த நாளைத் தம் நாள் என்று சொல்லுவார்கள்? இக்கேள்விக்கு விடை தரும் நாடு தென்னாப்பிரிக்கா. அங்கே இன்று நடைபெறும் ஆண்டு விழாக்கள் பலவும் இத்தகைய மக்கள் உண்டாக்கியவையே. அவர்களுள் நம் தமிழ் மண்ணிலிருந்து சென்றவர்களும் உண்டு. ஆகவே இவ்வரலாறு நமக்கு அயல் வரலாறு அன்று.

கேப் நகரின் முதல் தலைமுறை

1652இல் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி ஆப்பிரிக்காவின் தென்கோடியில் குடியேற்றம் ஒன்றை அமைத்தது. அதுவே பின்னாளில் கேப் டவுன் நகரமாயிற்று. அங்கே உழைக்க மடகாஸ்கர், கிழக்கு ஆப்பிரிக்கா, வங்காளம், மலபார், சோழமண்டலக் கரை, இலங்கை, இன்றைய இந்தோனேசியத் தீவுகள் ஆகிய இடங்களிலிருந்து அடிமைகள் கொண்டுசெல்லப்பட்டனர். நாகப்பட்டினமும் பழவேற்காடும் அந்நாளில் டச்சுக்காரர் வசமிருந்த துறைமுகங்கள் என்பதை நினைவிற் கொள்க. அடிமைகளின் சொந்தப் பெயர்கள் பலவும் அழிந்தன. ‘இன்ன ஊர்க்காரன்’ என்ற குறிப்பு மட்டும் பெயரின் வாலாக ஒட்டிக்கொண்டது.

கம்பெனியை எதிர்த்த கீழ்த்திசை அறிஞர்களும் அரச குடும்பத்தாரும் அரசியல் கைதிகளாக அங்கு அனுப்பப்பட்டனர். அவர்களுள் முதன்மையானவர் மக்காசாரைச் சேர்ந்த ஷைகு யூசுஃப் (ரஹ்) அவர்கள். பான்டன் நாட்டில் டச்சுக்காரரை எதிர்த்துப் போரிட்டுச் சிறைப்பட்ட அவர்கள், 1684இல் இலங்கைக்கு நாடுகடத்தப்பட்டார்கள். அங்கும் அவர்கள் ஓயவில்லை. மார்க்க நூல்களை எழுதினார்கள். ஹஜ்ஜுக்குச் செல்லும் வழியில் இலங்கையில் இறங்கிய தம் நாட்டாரோடு தொடர்பு கொண்டார்கள். அத்தொடர்பைத் துண்டிக்கவே 1694இல் நாற்பத்தொன்பது பேருடன் கேப் பகுதிக்கு அனுப்பப்பட்டு, நகரத்திற்கு வெகு தொலைவில் குடியமர்த்தப்பட்டார்கள். 1699இல் அங்கேயே வஃபாத்தானார்கள். தப்பியோடிய அடிமைகளுக்கு அவர்களின் இருப்பிடமே புகலிடமாக இருந்ததென்பர். அவ்விடம் இன்றும் மக்காசார் என்றே வழங்கப்படுகிறது.

அக்காலச் சட்டப்படி இஸ்லாத்தை வெளிப்படையாகப் பின்பற்றுவதும் பிறரை அதன்பால் அழைப்பதும் மரண தண்டனைக்குரிய குற்றங்கள். ஆகவே தொழுகையும் திக்ரும் வீட்டுக்குள் மறைந்தே நடந்தன. ஜும்ஆ இல்லை, பெருநாள் திடல் இல்லை, பாங்கு இல்லை. 1780இல் ராபன் தீவுச் சிறையில் அடைக்கப்பட்ட திதோர் தீவின் இமாம் அப்துல்லாஹ் பின் காழி அப்துஸ்ஸலாம் (ரஹ்) அவர்கள், கையில் ஏடின்றித் தம் மனத்திலிருந்தே திருக்குர்ஆனை முழுமையாக எழுதினார்கள். ‘துவான் குரு’ என்று அழைக்கப்பட்ட அப்பெரியார் விடுதலையான பின் மத்ரஸா தொடங்கினார்கள். நகரின் ஓரத்தில் கைவிடப்பட்ட கல்லுடைப்புக் குழி ஒன்றில் திறந்தவெளி ஜும்ஆவை நடத்தினார்கள். 1794இல் டார்ப் தெருவில் அவ்வல் பள்ளிவாசல் தோன்றியது. தென்னாப்பிரிக்காவின் முதல் பள்ளிவாசல் அதுவே. அது அமைந்த மனை விடுதலை பெற்ற அடிமையான கொரிடான் என்பவரின் குடும்பச் சொத்து. அவருடைய பெயரின் வால் ‘இலங்கைக்காரர்’ என்பது. நம் கடலுக்கு அப்பாலுள்ள இலங்கையிலிருந்து அடிமையாகச் சென்ற ஒருவரின் மண்ணில் அந்நாட்டின் முதல் பள்ளிவாசல் எழுந்தது என்பது சிந்திக்கத்தக்கது.

1804இல்தான் சமய உரிமை சட்டத்தில் இடம்பெற்றது. கேப் முஸ்லிம்கள் ரமலானை ‘புவாசா’ என்றும் பெருநாளை ‘லபராங்’ என்றும் மலாய்ச் சொற்களால் அழைத்தனர். பிறை பார்க்கக் கடற்கரையில் கூடுவது அவர்களிடையே பெருவழக்கமாயிற்று. ஒரு நூற்றாண்டுக்கு மேல் மறைந்து வாழ்ந்த சமுதாயம், திறந்த வானின் கீழ் ஒன்றாக நின்று பிறையைத் தேடியது. அந்தப் பார்வையின் மதிப்பை நாம் எளிதில் அளந்துவிட முடியாது.

மௌலிதும் நறுமண இலையும்

ரபீவுல் அவ்வல் மாதத்தில் நம் பள்ளிகளில் சுப்ஹான மௌலிது ஓதப்படுவது போல, கேப் பகுதியில் பர்ஸஞ்சி மௌலிது ஓதப்படுகிறது. ஹத்தாது ராத்திபும் அங்கு நெடுங்காலமாக ஓதப்பட்டு வருவது. இவற்றோடு அவர்களுக்கே உரிய வழக்கம் ஒன்றும் உண்டு. மௌலிது நாளையொட்டிப் பெண்கள் பள்ளிவாசலில் கூடி, ஆரஞ்சு, எலுமிச்சை மர இலைகளை மிக மெல்லியதாக நறுக்குவார்கள். சலவாத்தும் பைத்தும் ஓதியபடியே கைகள் வேலை செய்யும். நறுக்கிய இலையில் நறுமண எண்ணெய் தெளித்து, சிறு வண்ணக் காகிதப் பொட்டலங்களாகக் கட்டுவர். மாலையில் மௌலிது ஓத வரும் ஆண்களுக்கு அவை வழங்கப்படும். அத்தரும் பன்னீரும் வாங்க வசதியற்றவர்களுக்கும் இலை எட்டும் பொருள்தானே! பெண்களுக்கென்று பள்ளிவாசலுக்குள் ஒரு முழு நாளும் அதில் ஒரு பணியும் அமைந்திருந்தன என்பதையும் நாம் கவனிக்க வேண்டும்.

இன்னொரு ஒற்றுமையையும் சொல்லியாக வேண்டும். நம் முன்னோர் தமிழை அரபு எழுத்தில் எழுதி ‘அரபுத்தமிழ்’ என்ற செல்வத்தை உண்டாக்கினர். அதுபோலவே கேப் மத்ரஸாக்களில் ஆப்பிரிக்கான்ஸ் மொழியை அரபு எழுத்தில் எழுதினர். உதுமானிய அரசு அனுப்பிய அறிஞர் அபூபக்கர் எஃபெந்தி அம்மொழியில் எழுதிய ‘பயானுத்தீன்’ என்னும் மார்க்கச் சட்ட நூல் 1877இல் இஸ்தான்புல்லில் அச்சாயிற்று. இன்று வெள்ளையரின் மொழியாக உலகம் எண்ணும் ஆப்பிரிக்கான்ஸின் தொடக்ககால நூல்களுள் அதுவும் ஒன்று.

எசமானர் விட்ட நாள்

ஜனவரி முதல் நாள் எசமானர் வீட்டில் புத்தாண்டு விருந்து. அன்று அடிமைக்கு வேலை இரட்டிப்பு. விருந்து முடிந்த மறுநாள், ஜனவரி 2, அவனுக்கு விடப்பட்டது. ஆகவே கேப் டவுனில் ‘இரண்டாம் புத்தாண்டு’ என்ற திருநாள் தோன்றியது. வண்ண உடை, பாட்டு, தெருவெங்கும் ஊர்வலம் என்று அந்நாள் இன்றளவும் கொண்டாடப்படுகிறது. அதில் பாடுவோரில் முஸ்லிம்களும் மிகப் பலர். அதிலுள்ள ஆட்டத்தையும் பாட்டையும் நாம் இங்கு எடைபோட முற்படவில்லை. அந்நாளின் பிறப்பை மட்டும் கவனியுங்கள். எச்சிலாக விடப்பட்ட ஒரு நாளை எடுத்து, அதைத் தம் பெருமைக்குரிய நாளாக மாற்றிக்கொண்டனர் அம்மக்கள்.

ஷைகு யூசுஃப் (ரஹ்) அவர்களின் அடக்கத்தலத்திற்கு மக்கள் பெருந்திரளாகச் சென்று கூடாரமிட்டுத் தங்கும் காலம் எது தெரியுமா? கிறிஸ்தவர்களின் ஈஸ்டர் விடுமுறை! முஸ்லிம் பெரியாரின் தலத்திற்கு ஈஸ்டரில் ஏன் செல்ல வேண்டும்? தொழிலாளிக்குத் தொடர்ந்து நான்கு நாட்கள் ஓய்வு கிடைப்பது அப்போதுதான். இதே காரணத்தால், டர்பனை அடுத்த மவுண்ட் எட்ஜ்கோம்பில் இந்துத் தமிழர்கள் எடுக்கும் மாரியம்மன் விழாவும், பீட்டர்மாரிட்ஸ்பர்க் மாரியம்மன் கோயிலின் பூக்குழி விழாவும் புனித வெள்ளியை ஒட்டியே நடக்கின்றன. முஸ்லிமும் இந்துவும் தத்தம் விழாவை மூன்றாம் சமயத்தாரின் விடுமுறையில் வைத்துக்கொண்டனர். நாட்காட்டி யார் கையில் இருந்ததோ அவர்களின் முத்திரை எல்லோர் விழாவிலும் விழுந்தது.

ட்ரூரோ கப்பலில் சென்றவர்கள்

1834 டிசம்பர் 1இல் கேப் பகுதியில் அடிமை முறை சட்டப்படி ஒழிந்தது. அதன்பின்னும் ‘பயிற்சிக் காலம்’ என்ற பெயரில் நான்காண்டுகள் உழைக்க வைத்து, 1838இல்தான் உண்மையாக விடுவித்தனர். பிரிட்டிஷ் குடியேற்றங்களெங்கும் கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் தேவைப்பட்டது. அதற்கெனக் கண்ட வழியே ஒப்பந்தக் கூலி முறை.

1860 அக்டோபரில் சென்னையிலிருந்து புறப்பட்ட ‘ட்ரூரோ’ என்னும் கப்பல், நவம்பர் 16 அன்று 342 பேருடன் நேட்டாலின் டர்பன் துறைமுகத்தை அடைந்தது. 1911 வரை ஏறத்தாழ 1,52,000 பேர் இவ்வாறு சென்றனர். அவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் சென்னை மாகாணத்தார். ஒவ்வொருவருக்கும் ஓர் எண். பெயர், தந்தை பெயர், வயது, சாதி, மாவட்டம், ஊர், உடலிலுள்ள மச்சம் அல்லது தழும்பு ஆகியவற்றைப் பதிந்தனர். வட ஆர்க்காடு, செங்கல்பட்டு, தஞ்சை, திருச்சி, சேலம் ஆகியவற்றோடு நம் மதுரை மாவட்டத்தின் பெயரும் அப்பதிவேடுகளில் உண்டு. மாதம் பத்து ஷில்லிங் கூலி, ஐந்தாண்டு ஒப்பந்தம், எழுத்துச் சீட்டின்றித் தோட்டத்தை விட்டு வெளியேறினால் தண்டனை. ஒப்பந்தம் முடிந்து அங்கேயே தங்க விரும்பியோர் மீது 1895ஆம் ஆண்டுச் சட்டம் ஆண்டுக்கு மூன்று பவுண்டு வரி விதித்தது.

எழுத்துச் சீட்டு என்றவுடன் நம் வட்டாரத்துப் பெரியவர்களுக்கு வேறொன்று நினைவுக்கு வரலாம். உசிலம்பட்டி வட்டாரத்தில் குற்றப் பரம்பரைச் சட்டத்தின் கீழ்ப் பதிவு செய்யப்பட்ட மக்கள், இரவில் ஊரை விட்டுச் செல்ல ‘ராதாரிச் சீட்டு’ வாங்க வேண்டியிருந்தது. அச்சட்டத்தை எதிர்த்து நின்றதால் 1920 ஏப்ரல் 3 அன்று பெருங்காமநல்லூரில் துப்பாக்கிச் சூடு நடந்தது. பதினாறு பேர் உயிர் நீத்தனர். 1947இல்தான் சென்னை மாகாணத்தில் அச்சட்டம் நீங்கியது. தாய் தந்தையரின் ஊருக்கு ஒரு நல்ல நாளில் போய்வரவும் காவல் நிலையத்தின் அனுமதி வேண்டும் என்ற நிலையை மதுரைச் சமவெளியும் கண்டிருக்கிறது. கடலுக்கு அப்பால் நடந்ததை நாம் புரிந்துகொள்ள இது உதவும்.

முஹர்ரம் என்ற ஒரே நாள்

நேட்டாலுக்குச் சென்றோரில் முஸ்லிம்கள் சிறு பகுதியினரே. பெரும்பாலோர் இந்துக்கள். ஆயினும் தோட்டத் தொழிலாளர் அனைவருக்கும் பொதுவான ஆண்டு விழாவாக அங்கே நிலைபெற்றது முஹர்ரம்! தோட்ட முதலாளிகள் அதற்கு விடுப்பு அளித்தனர். வெள்ளையர் ஏளனமாக அதனைக் ‘கூலிகளின் கிறிஸ்துமஸ்’ என்று அழைத்தனர். மூங்கிலாலும் வண்ணக் காகிதத்தாலும் தாபூத்துகளைச் செய்து, வடம் கட்டி இழுத்து, கொட்டு முழக்கத்தோடு தோட்டந்தோறும் இருந்து மக்கள் திரண்டனர். புலி வேடமும் சிலம்பமும் உடன் வந்தன. சிலர் பூக்குழி இறங்கினர். இறுதியில் உம்கேனி ஆற்றில் தாபூத்துகளைக் கரைத்தனர். ஒரே கப்பலில் வந்து வெவ்வேறு தோட்டங்களுக்குப் பிரிக்கப்பட்டவர்கள் ஒருவரையொருவர் மீண்டும் கண்டது அந்நாளில்தான். ஊர்ச் செய்தி கேட்டதும், பெண் கொடுக்கப் பேசியதும், முதலாளியின் கொடுமையைச் சொல்லி அழுததும் அந்நாளில்தான்.

இந்துக்கள் எப்படி முஹர்ரமில் கலந்தனர் என்று வியப்போர், நம் அருகிலேயே விடை காணலாம். மதுரையிலிருந்து இராமேசுவரம் செல்லும் சாலையில் திருப்புவனத்தை அடுத்துள்ளது முதுவன்திடல். அங்கே இந்துக்கள் பாத்திமா நாச்சியாரின் பெயரால் முஹர்ரம் மாதத்தில் பூக்குழி இறங்குகின்றனர். பெண்கள் ஈரத்துணியால் தலையை மூடிக்கொள்ள, அதன்மேல் தணலை அள்ளிக் கொட்டும் நேர்ச்சையும் அங்குண்டு. தமிழ் நாட்டுப்புறத்தில் ‘அல்லா பண்டிகை’ என்று வழங்கிவந்த இவ்விழாவைத்தான் கப்பலேறிய மக்கள் தம்முடன் கொண்டுசென்றனர்.

ஆள்வோர் இத்தகைய கூட்டங்களை எவ்வளவு அஞ்சினர் என்பதற்கு மேற்கிந்தியத் தீவான டிரினிடாட் சான்று. அங்கே கரும்புத் தோட்டத் தொழிலாளர் முஹர்ரம் ஊர்வலமாக நகருக்குள் நுழையக் கூடாதெனத் தடை வந்தது. தடையை மீறி 1884 அக்டோபர் 30 அன்று சான் பெர்னாண்டோ நகரை நோக்கி வந்தோர் மீது காவலர் சுட்டனர். குறைந்தது பதினாறு பேர் மாண்டனர். நூற்றுக்கு மேற்பட்டோர் காயமுற்றனர். ஆண்டில் ஒரு நாள் ஒன்றுகூடுவது அத்துணை அச்சத்தை உண்டாக்கிற்று.

மார்க்க நோக்கில் நாம் ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். ஆஷூரா நாளில் நோன்பு நோற்பது சுன்னத். தாபூத்து இழுப்பதற்கும் பூக்குழி இறங்குவதற்கும் மார்க்கத்தில் இடமில்லை. இதில் இரு கருத்துக்கு இடமில்லை. ஆனால் வரலாற்றைப் படிப்பவன் இன்னொரு கேள்வியையும் கேட்க வேண்டும். அறிவூட்ட ஆலிம் இல்லாத, தொழப் பள்ளி இல்லாத, ஒரே ஒரு நாள் மட்டும் விடுப்புப் பெற்ற மக்களிடம் வேறு எதை எதிர்பார்க்க முடியும்? அவர்களை ஏசுவது எளிது. அவர்களுக்கு அதைவிடச் சிறந்ததைக் கொடுத்தவர் யார் என்பதே கேள்வி.

சூஃபி சாஹிபு காட்டிய வழி

தமிழ்நாட்டு வடபகுதியிலிருந்து ஒப்பந்தக் கூலியாகச் சென்றவர் என்று கூறப்படும் ஷைகு அஹ்மது என்ற பெரியார் டர்பனில் 1894இல் மறைந்தார். ‘பாதுஷா பீர்’ என்று மக்கள் அழைத்த அவரைப் பற்றி வழிவழிச் செய்திகள் பல உலவுகின்றன. கரும்புத் தோட்டத்து எண் ஒன்றாக வந்திறங்கியவரை மக்கள் ‘அரசர்’ என்ற பட்டத்தால் அழைத்தனர் என்பதே போதிய செய்தி.

அடுத்த ஆண்டு, 1895இல், மராட்டியக் கரையிலிருந்து சென்ற ஷாஹ் குலாம் முஹம்மது ஹபீபி (ரஹ்) என்னும் சூஃபி சாஹிபு, அவருடைய கபுரை அடையாளங்கண்டு அடக்கத்தலம் எழுப்பினார்கள். உம்கேனி ஆற்றங்கரையில் நிலம் வாங்கிப் பள்ளிவாசல், மத்ரஸா, அநாதை இல்லம் ஆகியவற்றை அமைத்தார்கள். நேட்டாலின் பிற ஊர்களிலும், கேப் டவுன் வரையிலும் பள்ளிகளை நிறுவினார்கள். 1911இல் வஃபாத்தாகும் வரை அவர்களின் உழைப்பு முழுவதும் ஏழைத் தொழிலாளரிடையேதான். மௌலிது மாதம், மிஃராஜ் இரவு, பெரியார்களின் நினைவு நாள் என்று ஆண்டு முழுவதும் கூட்டங்களை ஏற்படுத்தினார்கள். குர்ஆன் ஓதுதலும் பயானும் எல்லோருக்கும் உணவும் அவற்றில் இடம்பெற்றன. எந்த ஆற்றங்கரைக்கு மக்கள் தாபூத்துடன் வந்தார்களோ, அதே ஆற்றின் கரையில் அவர்களின் பிள்ளைகள் அலிஃப், பே படிக்கத் தொடங்கினர்.

இந்து சமுதாயத்திலும் இதே போக்கு காணப்பட்டது. 1908இல் நேட்டால் சென்ற சுவாமி சங்கரானந்தர், இந்துக்கள் முஹர்ரமை விட்டுத் தம் சொந்தத் தீபாவளியைக் கொண்டாட வேண்டுமென்றும், அதற்கு விடுப்பு வேண்டுமென்றும் பாடுபட்டார். தைப்பூசக் காவடியும் சித்திரா பௌர்ணமிக் காவடியும் தமிழர் விழாக்களாக வேரூன்றின. இவ்வாறு ஒவ்வொரு சமயத்தாரும் தத்தம் நாளைப் பெற்றனர். பெற்றதோடு, ஒரே நாளில் அனைவரும் கூடிய அந்தப் பொது முற்றம் சுருங்கியது என்பதும் உண்மையே.

நாட்களின் பொருள் மாறிய கதை

1948க்குப் பின் வந்த நிறவெறி ஆட்சி மக்களின் இருப்பிடங்களையே பறித்தது. 1966 பிப்ரவரி 11 அன்று கேப் டவுனின் ஆறாம் வட்டாரம் வெள்ளையர் பகுதியாக அறிவிக்கப்பட்டது. அறுபதாயிரத்திற்கு மேற்பட்டோர் அங்கிருந்து அகற்றப்பட்டனர். வீடுகள் தரைமட்டமாயின, பள்ளிவாசல்கள் நின்றன. ஜமாஅத்தார் தொலைவிலிருந்து பயணம் செய்து வந்து அவற்றில் தொழுதனர். அவ்வாட்சியை எதிர்த்துப் பேசிய கேப் டவுன் இமாம் அப்துல்லாஹ் ஹாரூன் (ரஹ்) அவர்கள் 123 நாட்கள் தடுப்புக் காவலில் வைக்கப்பட்டு, 1969 செப்டம்பர் 27 அன்று காவலிலேயே உயிர் நீத்தார்கள். படியில் வழுக்கி விழுந்தார் என்று அன்று சொன்னார்கள். ஐம்பத்து நான்கு ஆண்டுகளுக்குப் பின், 2023 அக்டோபரில், காவல்துறையினரின் சித்திரவதையே காரணம் என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

1994 ஏப்ரல் 27 அன்று அனைவரும் வாக்களித்த முதல் தேர்தல் நடந்தது. அம்மாதத்தில்தான் கேப் முஸ்லிம்கள் ஷைகு யூசுஃப் (ரஹ்) அவர்கள் வந்திறங்கிய முந்நூறாம் ஆண்டையும் நினைவுகூர்ந்தனர். புதிய அரசு இயற்றிய பொது விடுமுறைச் சட்டம் 1995 முதல் நடைமுறைக்கு வந்தது. அதன் பன்னிரண்டு நாட்களும் ஒரு வரலாற்றுப் பாடநூல் எனலாம். 1960இல் ஷார்ப்பெவில்லில் 69 பேர் சுட்டுக் கொல்லப்பட்ட மார்ச் 21, மனித உரிமை நாள். 1956இல் சீட்டு முறையை எதிர்த்து இருபதாயிரம் பெண்கள் பிரிட்டோரியாவில் திரண்ட ஆகஸ்ட் 9, மகளிர் நாள்; அவ்வணியை நடத்திய நால்வருள் ஒருவர் அப்போது கருவுற்றிருந்த ரஹீமா மூஸா என்ற முஸ்லிம் பெண்மணி. ஜுலு மக்கள் தம் மன்னர் ஷாக்காவை நினைவுகூர்ந்த செப்டம்பர் 24, அனைவருக்குமான மரபு நாளாயிற்று. வெள்ளையர் தம் போர் வெற்றியைக் கொண்டாடிய டிசம்பர் 16 ஒழிக்கப்படவில்லை. நல்லிணக்க நாள் என்று பெயர் மாற்றப்பட்டது. ஒரு நாளை ஒழிக்காமல் அதன் பொருளைச் சீர்செய்தது அவர்களின் முதிர்ச்சியைக் காட்டுகிறது.

அப்பட்டியலில் பெருநாளும் இல்லை, தீபாவளியும் இல்லை. ஆனால் பெருநாள் தொழுகைத் திடல்கள் நிறைகின்றன. டர்பன் தெருக்களில் காவடிகள் செல்கின்றன. ட்ரூரோ கப்பல் வந்த நவம்பர் 16, 2010இல் நூற்றைம்பதாம் ஆண்டாக நினைவுகூரப்பட்டது. கம்பெனி கைதியாகக் கொண்டுவந்த ஷைகு யூசுஃப் (ரஹ்) அவர்களுக்கு 2005இல் தென்னாப்பிரிக்க அரசு தன் உயரிய விருதுகளுள் ஒன்றை அளித்தது.

நமக்குரிய பாடங்கள்

அன்பிற்குரியவர்களே! நாயகம் (ஸல்) அவர்கள் மதீனாவுக்கு வந்தபோது, அங்குள்ளோர் ஆண்டில் இரு நாட்களை விளையாட்டு நாட்களாகக் கொண்டிருந்தனர். அவற்றுக்குப் பகரமாக அவற்றினும் சிறந்த இரு பெருநாட்களை அல்லாஹ் அளித்துள்ளான் என்று நபியவர்கள் அறிவித்த செய்தியை அனஸ் (ரலி) வாயிலாக அபூதாவூத் பதிவு செய்துள்ளார்கள். பறித்துவிட்டு வெறுங்கையாக அனுப்பவில்லை; சிறந்ததைக் கொடுத்து மாற்றினார்கள் என்பதைக் கவனியுங்கள். அது மட்டுமா? ஒரு பெருநாளில் ஆப்பிரிக்கரான அபிசீனியர்கள் ஈட்டியும் கேடயமும் கொண்டு மஸ்ஜிதுந்நபவியிலேயே விளையாடினர். நபியவர்கள் அதனைத் தடுக்காததோடு, அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் பார்ப்பதற்காகத் தாமும் நின்றார்கள். புகாரியிலுள்ள செய்தி இது. ஊர்விட்டு ஊர் வந்த மக்களின் மகிழ்ச்சிக்குப் பள்ளிவாசலில் இடமிருந்தது.

நம் ஊரில் சில வழக்கங்களைப் பற்றி ஆண்டுதோறும் வாக்குவாதம் எழுகிறது. கூடாததைக் கூடாது என்று சொல்வது ஆலிம்களின் கடமை. அதில் தயக்கம் வேண்டாம். ஆனால் அந்நாளில் ஏழைக்குக் கிடைத்த ஒரு வேளை உணவுக்கும், பெண்களுக்குக் கிடைத்த ஒரு வெளியேற்றத்துக்கும், பிற சமயத்து அண்டை வீட்டார் நம் தெருவுக்கு வந்த ஒரு மாலைக்கும் பகரமாக நாம் எதைக் கொடுத்தோம் என்பதையும் சேர்த்துச் சிந்திக்க வேண்டும். சூஃபி சாஹிபு மத்ரஸாவையும் அநாதை இல்லத்தையும் கட்டிக் கொடுத்தார்கள்.

இரண்டாவது பாடம் இன்னும் நெருக்கமானது. இன்று நம் ஜமாஅத்தாரில் பலர் கடை முதலாளிகள், உணவக உரிமையாளர்கள், பட்டறை நடத்துவோர். நம்மிடம் வேலை செய்வோரில் பீகார், வங்காளம், ஒடிசா ஆகிய மாநிலங்களிலிருந்து ரயிலேறி வந்தவர்களும் உள்ளனர். அவர்களுக்கும் மொழி தெரியாத ஊர். அவர்களுக்கும் ஆண்டில் சில நாட்கள் நெஞ்சை வாட்டும். முஸ்லிமாக இருந்தால் இரு பெருநாட்கள். இந்துவாக இருந்தால் சத் பூஜையோ துர்க்கா பூஜையோ. தேசிய விடுமுறைகளோடு ஆண்டுக்கு ஐந்து பண்டிகை நாட்களையும் ஊதியத்துடன் வழங்க 1958ஆம் ஆண்டிலேயே தமிழ்நாட்டில் சட்டம் இயற்றப்பட்டது. பணியாளர்கள் உங்கள் சகோதரர்கள், அவர்கள் மீது தாங்க முடியாததைச் சுமத்தாதீர்கள் என்ற நபிமொழி அதனினும் பழைய சட்டம்.

பெருநாள் இரவில் நள்ளிரவு தாண்டியும் கடை திறந்திருக்கிறது. அங்கே துணி மடித்து அடுக்கும் சிறுவனுக்கு ஃபஜ்ருக்கு எழுந்து குளித்துத் திடலுக்கு வர நேரமிருக்கிறதா? நம் வீட்டுப் பிரியாணி அடுப்பருகே நிற்கும் சமையற்காரருக்குப் பெருநாள் எப்போது தொடங்குகிறது? ஜனவரி 2ஆம் நாள்தான் அவருக்கும் மிஞ்சுகிறதா? வருகிற பெருநாளுக்கு முன் ஒவ்வொரு முதலாளியும் தம் பணியாளர் பெயர்களை ஒரு தாளில் எழுதி, எதிரே அவரவர் எந்த நாளில் ஊதியத்துடன் விடுப்புப் பெறுவார் என்று குறித்துக் கொடுப்போமாக. பள்ளி நிர்வாகமும் முஅத்தினுக்கும் துப்புரவுப் பணியாளர்க்கும் இதையே செய்து முன்மாதிரியாகத் திகழட்டும்.

பிறருடைய நாட்கள் நம் கையில் அமானிதமாக உள்ளன. அந்த அமானிதத்தைப் பேணுவோர் கூட்டத்தில் வல்ல அல்லாஹ் நம் அனைவரையும் ஆக்கி அருள்வானாக! ஆமீன்.